பேனரிலிருந்து அறுத்த தலை

முரளி,

இந்தக் கடிதத்தை உறைக்குள் வைத்தேனே தவிர ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. நீ இப்போது உன் மாமா வீட்டில் இருக்கிறாய். அந்த வீட்டுக்கு வருகிற தபால் என் அண்ணன் கண்ணில் படாமல் உள்ளே போகாது என்பது எனக்குத் தெரியாதா? அவரும் படிக்கட்டும். அவர் பெண் நித்யாவும் படிக்கட்டும். தை மாதம் உன் கையால் தாலி கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள்தானே, அவளுக்கும் இதில் எழுத வேண்டியது இருக்கிறது. திருமணம் நிச்சயமான பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் வாழ்த்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். என்னால் அப்படி ஆரம்பிக்க முடியவில்லை. நல்லா இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன், அதை மட்டும் நம்பு.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் பண்ணினாய். ஒரு கையில் கத்தி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அடிபட்ட காது மந்தம் என்பதால் மற்றக் காதில் வைத்துக்கொண்டேன். "அம்மா, அக்கா அட்ரஸ் மட்டும் குடும்மா. கல்யாணத்துக்கு முன்ன அது கால்ல வுயுந்து மன்னிப்பு கேக்கணும்மா" என்று அழுதாய். நானும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதோடு போனை வைத்திருந்தால் அன்றைக்கே ஏமாந்திருப்பேன். நீ வைக்கவில்லை. அழுகை நின்றதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நித்யாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கீறேம்மா. பாஸ்வேர்டே வாணாம், அவ மூஞ்சப் பாத்தாதான் தொறக்கும்" என்றாய். எப்படியடா உனக்கு வாய் வந்தது? நான் போனைக் கட் பண்ணிவிட்டேன். முன்னால் நின்ற வாத்தியார் வீட்டு அம்மாவுக்குப் பெரிய பீஸாகக் கேட்ட கோழியைக் கொத்துக்கறி ஆக்கிக் கொடுத்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதன்முதலில் அந்த மாதிரிப் பொட்டி நம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அக்கா ரேவதி ஏனாத்தூர் காலேஜில் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை பையிலிருந்து கறுப்பாகப் பளபளவென்று ஒரு லேப்டாப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். மேலே கடுகு மாதிரி ஒரு கேமரா. அதன் முன்னால் உட்கார்ந்து தலையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், சிரிக்காமல் நேராகப் பார்த்தாள். "இனிமே இதுக்கு என் மூஞ்சிதாம்மா சாவி. பாஸ்வேர்டுன்னா எவனாச்சும் பின்னாடி நின்னு எட்டிப் பாத்துடுவான். மூஞ்ச எவன் திருட முடியும்?" என்றாள். உனக்கும் அவளுக்கும் ஒரே ஜாடை என்று ஊரே சொல்லும். நீ அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாய். திறக்கவில்லை. "அதுக்கு அறிவு கீதுடா" என்று உன் தலையில் தட்டினாள். நான் உட்கார்ந்தேன். "மூஞ்சில கோழி ரத்தம் கீது, தொடச்சிட்டு வா, அப்பவும் தொறக்காது" என்று என்னையும் கேலி செய்தாள். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் காதர் பாய் பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் ஒன்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "நீ தூங்கிக்கினு இருக்கும்போது எவனாவது பொட்டியக் கொண்ணாந்து உன் மூஞ்சிகிட்ட காட்டினா?" என்றேன். கண் திறந்திருக்க வேண்டும் என்றாள். "அப்போ முடியப் புடிச்சி நிமித்திக் காட்டினா? கழுத்துல கத்தி வச்சா கண்ணு தானா தொறந்துக்குமே" என்றேன். "உனக்கு எப்பப் பாரு வெட்டு குத்துதாம்மா" என்று அலுத்துக்கொண்டாள். வெட்டும் குத்தும் என் பிழைப்பு, வேறென்ன யோசிப்பேன்? சாவி என்றால் மறைத்து வைக்கிற பொருள். முந்தானையில் முடியலாம், அரிசிப் பானையில் போடலாம், தொலைந்தால் பூட்டை மாற்றலாம். முகத்தைக் கொண்டுபோய் எங்கே மறைப்பது? பஸ்ஸில் பார்க்கிறான், கடையில் பார்க்கிறான், கல்யாணத்தில் போட்டோ பிடிக்கிறான். ஊரே பார்க்கிற ஒன்றைப் போய்ச் சாவி என்றாளே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் வெறும் போட்டோவுக்கே அது திறந்துவிடும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

உன் மாமாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அவரைத் தெய்வமாக வைத்திருக்கிறாய். ஒரு காலத்தில் நானும் வைத்திருந்தேன். உன் அப்பா குடித்துவிட்டு வந்து என்னை அடித்தபோது, அண்ணன் சைக்கிள் செயினோடு வந்து, கடைத்தெருவில் வைத்து, அவர் முதுகுத் தோல் கிழிகிற வரைக்கும் விளாசினார். நீ என் இடுப்பில் இருந்தாய். ரேவதி என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. எனக்காக ஒருத்தன் கை ஓங்குகிறானே என்று எனக்குள் அவ்வளவு இனிப்பு. உன் அப்பா செத்த பிறகு இந்தக் கோழிக்கடையை வைத்துக் கொடுத்ததும் அவர்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தக் கை என் பக்கம் திரும்பாது என்று மட்டும் நான் நம்பியிருக்கக் கூடாது.

அவர் மகன் சதீஷுக்கு ரேவதியைக் கட்ட வேண்டும் என்று அவரே முடிவு செய்து அவரே நாள் குறித்தார். ரேவதி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பேனர் அடிக்கிற வேலையை நீ எடுத்துக்கொண்டாய். நம் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். இதற்கு வைக்காமல் இருப்பார்களா? ஆபீஸ் அடையாள அட்டைக்காக அவள் எடுத்த போட்டோவை நீதான் ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்தாய். நேராகப் பார்க்கிற போட்டோதான் பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது என்று கடைக்காரன் சொன்னானாம். மேலே மாமா கும்பிட்டபடி, ஒரு பக்கம் சதீஷ் கறுப்புக் கண்ணாடியோடு, இன்னொரு பக்கம் உன் அக்கா சிரிக்காமல் நேராகப் பார்த்தபடி. பஸ் ஸ்டாண்டில் ஒன்று கட்டினாய், நம் கடைக்கு எதிரே கரண்ட் கம்பத்தில் ஒன்று கட்டினாய். கோழி வெட்டுகிற கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கு நேரே அவள் முகம். வெட்டுவேன், நிமிர்ந்து பார்ப்பேன், பெருமையாக இருக்கும்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில், லீவு லெட்டர் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறினாள். லேப்டாப் கட்டில்மேல் கிடந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள்: "அத்த எடுத்துக்கினு போனா நீ சந்தேகப்படுவேன்னுதாம்மா வச்சிட்டுப் போனேன். தொறக்கறதுக்கு என் மூஞ்சி வேணும், மூஞ்சி என்கூடதானே வருதுன்னு நெனச்சேன்." கட்டுப்போட்ட வாயால் அதைச் சொல்ல அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

மத்தியானம் வேன் வந்து கடை வாசலில் நின்றபோது நான் ஒரு கோழியை அண்டாவில் முக்கிக்கொண்டிருந்தேன். இறகு பிடுங்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இருக்குமே, அந்த அண்டா. மாமா முன்னால் இறங்கினார், பின்னால் சதீஷ், அவன் கூட்டாளிகள். எனக்கு ஒன்றும் தெரியாது. ரேவதி அவருக்கே போன் பண்ணி, கூட வேலை செய்கிற பிரபுவோடு பதிவுத் திருமணம் ஆகிவிட்டது, அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அவளை ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் கேட்காதீர்கள் என்றதையே கேட்டுக்கொண்டு வந்தார். "எங்கடி கீறா உம் பொண்ணு? எந்தத் தெருக்காரனோட போய்க்கீறா தெரியுமா? பெத்தவளுக்குத் தெரியாமதான் போனாளா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை. கறி வாங்க நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். என் முடியைப் பிடித்து இழுத்து கோழிக் கூண்டின்மேல் தள்ளினார். கம்பி என் புருவத்தைக் கிழித்தது. உள்ளே கோழிகள் அலறின. நீ உள்ளேயிருந்து வந்தாய். வந்துவிட்டான் என் பிள்ளை என்று நினைத்தேன். நீ என்னைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் நின்றாய்.

சதீஷ் கட்டில்மேல் இருந்த லேப்டாப்பைத் தூக்கி வந்தான். திறந்தால் அவள் முகத்தைக் கேட்டது. ஆத்திரத்தில் எடைக்கல்லை எடுத்து அதை நொறுக்கப் போனான். நீ அவன் கையைப் பிடித்தாய். "ஒடைக்காத மச்சான். எல்லாம் உள்ளதான் கீது" என்றாய். பிறகு வாசலைப் பார்த்தாய். கரண்ட் கம்பத்தைப் பார்த்தாய். உனக்கு அந்த யோசனை வந்த கணத்தை நான் என் கண்ணால் பார்த்தேன், முரளி. பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட பையன் மாதிரி உன் முகம் மலர்ந்தது. இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த மலர்ச்சிதான், கத்தியோ ரத்தமோ இல்லை.

என் கட்டைமேல் இருந்த கத்தியை எடுத்தாய். அந்தக் கத்தியைக் கோபத்தில் தொடக் கூடாது என்று உங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே சொல்லி வளர்த்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, பேனரில் உன் அக்கா காதோரம் கத்தியை இறக்கி, சுற்றிக் கொண்டுவந்து, கழுத்தோடு அறுத்தாய். ஃப்ளெக்ஸ் கிழிகிற அந்தச் சத்தம் எனக்கு உடம்பில் கேட்டது. கம்பத்தில் அவள் தலை இருந்த இடத்தில் ஓட்டை, அதற்குள் எதிர்ச் சுவர் தெரிந்தது. தலையைச் சுருட்டி எடுத்து வந்தாய். கரண்ட் இல்லாத நேரம், உள்ளே இருட்டு என்பதால் பொட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தீர்கள். தலை பெரிது, கேமராவுக்கு மூக்கு மட்டும்தான் தெரிந்தது. "இன்னும் பின்னாடி போ மச்சான், செவுத்தோட நில்லு" என்றாய். சதீஷ் சுவரோடு ஒட்டி நின்று அவள் முகத்தைத் தன் மார்புக்கு நேரே விரித்துப் பிடித்தான். பளபளப்பு அடிக்கிறது என்று சாய்க்கச் சொன்னாய். கொஞ்சம் சாய்த்தான். பொட்டி திறந்துகொண்டது. வாங்க ரேவதி என்று இங்கிலீஷில் அவளை வரவேற்றது.

அவளும் பிரபுவும் வீடு தேடி அலைந்தபோது எடுத்த போட்டோக்கள் உள்ளே இருந்தன. ஒரு கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை, பெருங்களத்தூரில் ஒரு தெருப் பெயர், வீட்டுக்கார அம்மாவின் செல் நம்பர். அடுத்த போட்டோவில் அதே கேட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் சாவியைக் காட்டிச் சிரிக்கிறார்கள். மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஏறுங்கடா வண்டியில. ரெண்டு பேர்ல ஒருத்தரும் உசுரோட இருக்கக் கூடாது" என்றார். நீயும் கேட்டாய். கேட்டுவிட்டுத்தான் என் கத்தியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேன் பக்கம் போனாய். இல்லை என்று சொல்லாதே, நான் கீழே கிடந்தாலும் கண் திறந்துதான் இருந்தது.

எழுந்து, அண்டாவிலிருந்து வாளி நிறைய மொண்டு என் அண்ணன் மேல் ஊற்றினேன். இடுப்பிலிருந்து கீழே வெந்துபோனது. அவர் கத்திய கத்தலில் தெருக்கோடி வரைக்கும் ஜனங்கள் வெளியே வந்தார்கள். இரண்டாவது வாளி மொள்வதற்குள் ஒருத்தன் எடைக்கல்லால் என் காதோடு சேர்த்து அடித்தான். இதை அவர் வாசிக்கும்போது நொண்டிக் காலைத் தடவிக்கொள்வார். அண்ணா, அந்த அண்டா இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தினமும் கொதிக்கிறது.

கண் விழித்தபோது காதர் பாய் வீட்டம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வேன் போய்விட்டது. மாமாவை யாரோ ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தார்கள். பொட்டி மட்டும் வாசலில் கிடந்தது, அதை எடுத்துப்போக உங்களுக்கு அவசரம் விடவில்லை. ரேவதி நம்பருக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். தெருப் பெயர் தலைக்குள் இருந்தது, வீட்டுக்கார அம்மாவின் நம்பர் இல்லை. பொட்டியைத் தொட்டேன். அது மறுபடியும் பூட்டிக்கொண்டு அவள் முகத்தைக் கேட்டது. சுற்றிலும் பார்த்தேன். அவள் தலை கோழி ரத்தத்திலும் வெந்நீரிலும் ஊறிக் கிடந்தது. எடுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன், வாயைத் துடைத்தேன். "பாய், அந்தச் செவுத்தோட நின்னு இதப் புடிங்க" என்றேன். அவர் அதை வாங்கி விரித்தார். "இன்னாம்மா இது, தங்கச்சி, என்னால முடியலம்மா" என்று அழுதார். "அழாம நேராப் புடிங்க பாய், என் பொண்ணு செத்துடுவா" என்று கத்தினேன். நீ உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அதே தலையை அதே பொட்டிக்குக் காட்டி, நானும் திறந்தேன்.

பாயின் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வைத்து வைத்து அடித்தேன். இன்னொரு போனில் பாய் போலீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வேன் மானாம்பதியைத் தாண்டியிருக்கும், திருப்போரூரைத் தாண்டியிருக்கும், வண்டலூர் வந்திருக்கும் என்று என் மனசு கூடவே ஓடியது. கடைசியில் அந்த அம்மா எடுத்தாள், வேலைக்குப் போயிருந்தவள் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தாளாம். மாடியில் புதுசாக வந்தவர்களைக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வெட்ட வருகிறார்கள், ஓடுங்கள் என்றேன். அவள் படியேறுவதற்குள் மேலே அலறல் கேட்டுவிட்டது.

மற்றவர்கள் எல்லோரும் படியில் பதுங்கிக்கொண்டு உன்னை மட்டும் முன்னால் நிறுத்தியது யாருடைய யோசனை? அதுவும் உன்னுடையதுதானா? கதவில் சின்ன கண்ணாடித் துவாரம் இருந்தது. பிரபு திறக்காதே என்றிருக்கிறான். ரேவதி துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "என் தம்பிடா" என்று தாழ்ப்பாளை எடுத்திருக்கிறாள். அம்மா அனுப்பியிருப்பாள், நகையோ புடவையோ கொடுத்தனுப்பியிருப்பாள் என்று நினைத்தாளாம். உன் முகத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அந்தத் துவாரத்தில் தெரியவில்லை. சதீஷ் உன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை உருவினான். பிரபு குறுக்கே கையை நீட்டினான், அந்தக் கையில் இன்று இரண்டு விரல் இல்லை, மணிக்கட்டு மடங்காது. அடுத்த வெட்டு அவளுக்கு. வலது புருவத்தில் ஆரம்பித்து மூக்கைப் பிளந்து இடது தாடை வரைக்கும். மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது வீட்டுக்கார அம்மா போட்ட கூச்சலில், பக்கத்து மனையில் கட்டட வேலை செய்தவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஏறி வந்துவிட்டார்கள். அவர்களால்தான் என் பிள்ளைகள் இரண்டும் பிழைத்தன. பிரபுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ படியில் நின்றுகொண்டிருந்தாய். யார் மேலும் கை வைக்கவில்லை என்று போலீசில் சொன்னாய், அது உண்மைதான். நீ கை வைக்கவில்லை. முகத்தைத்தான் வைத்தாய்.

தையல் பிரித்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பொட்டி எப்படித் திறந்தது என்று நேரில் காட்டச் சொன்னார் அதிகாரி. நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார். மேஜைமேல் பொட்டியை வைத்து ரேவதியை முன்னால் உட்காரச் சொன்னார்கள். அவள் முதல் நாள் செய்த மாதிரியே நேராகப் பார்த்தாள். அது திறக்கவில்லை. கொஞ்சம் இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். முக்காட்டை எடுத்துவிட்டு முடியை ஒதுக்கிப் பார்த்தாள். யார் நீ என்று கேட்கிற மாதிரி சும்மாவே இருந்தது. பிறகு ஒரு போலீஸ்காரர், ரத்தம் காய்ந்து கறுத்துப்போன அந்தப் பேனர் தலையைச் சுவரோடு விரித்துப் பிடித்தார். உடனே திறந்து, வாங்க ரேவதி என்றது. உன் அக்கா ஆஸ்பத்திரியில் அழவில்லை, மருந்து போடும்போது அழவில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கதறினாள். நான் அந்தப் பொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். வழக்குக்கு வேண்டும் என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

நித்யா, இனி இரண்டு வரி உனக்கு. நீ என் மருமகளாக வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன்னைத் தூக்கி வளர்த்த அத்தை நான். என் பிள்ளை உனக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் பொட்டியில் அந்த முகப் பூட்டை முதலில் எடுத்துவிடு. அதைச் செய்கிறவர்கள் இப்போது போட்டோவுக்கு ஏமாறாது, கண் சிமிட்டினால்தான் திறக்கும் என்று சொல்கிறார்களாம். இருக்கட்டும். உன் முடியைப் பிடித்து இழுத்து அதன் முன்னால் நிறுத்தினால் நீ சிமிட்டத்தானே செய்வாய்? அதில் ஒரு சொல் வை. அந்தச் சொல் உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், கட்டிக்கொள்கிறவனுக்கும் தெரிய வேண்டாம். அடித்தாலும் சொல்லாமல் இருப்பது உன் கையில் இருக்கும். முகம் உன் கையில் இல்லை, கண்ணே. அது பார்க்கிறவன் கையில் இருக்கிறது.

முரளி, உன் மேல் எனக்குப் பாசம் விட்டுப்போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஜெயிலில் நீ இருந்த மாதங்களில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்துக்கும், பிள்ளை அங்கே என்ன தின்கிறானோ என்றுதான் நினைத்தேன். ஜாமீனில் வெளியே வந்து நேராக மாமா வீட்டுக்குப் போனாயே, அன்றைக்கு நான் உனக்காக அடுப்பில் ஏற்றிய குழம்பைக் காதர் பாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தேன். என்றைக்கு வேண்டுமானாலும் கடைக்கு வா. சோறு போடுகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ தின்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாப்பிடும்போதும் என் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் உட்காருவேன், அதற்காக நீ கோபப்படக் கூடாது.

அட்ரஸ் விஷயத்துக்கு வருகிறேன். ரேவதி இன்னும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவில்லை. அவள் வந்து சொன்னால் சதீஷ் வெளியே வரமாட்டான், உன் மாமாவும் உள்ளே போவார். அவள் வராமல் போனால் உங்கள் எல்லோருக்கும் நல்லது. நீ அழுதது நிஜ அழுகையாகவே இருக்கலாம். நீ யோக்கியமாகவே கேட்டிருக்கலாம். ஆனால் நீ சாப்பிடுவது அவர் வீட்டு மேஜையில், படுக்கப்போவது அவர் பெண்ணோடு. உன்னிடம் இருப்பது எதுவும் அவருக்கு எட்டாமல் இருந்ததில்லை.

நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. கன்னத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டாள், வெயில் காலத்தில் அரிக்கும் அவளுக்கு. பிறகு சொன்னாள்: "தம்பிதானம்மா. வரட்டும், குடுத்துடு. அவன் கால்லல்லாம் வுயுவ வாணாம், வந்து ஒருவேள சாப்ட்டுப் போட்டும்." அப்படித்தான் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிரபுவும் தலையாட்டினான்.

நான் கொடுக்க மாட்டேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் கொடுக்க மாட்டேன். நீ எப்படியாவது தேடிக் கண்டுபிடித்துப் போய் அந்தக் கதவைத் தட்டினால், அவள் துவாரத்தில் எட்டிப் பார்ப்பாள், தம்பி என்று மறுபடியும் தாழ்ப்பாளை எடுப்பாள். அவளுக்கு உன் முகம் போதும். எனக்குப் போதாது.

உன் அம்மா